புற்றுக்கூணும் சிப்பிக்கூணும்

போன இடவப்பாதி மழையில், ஒரே நாளில், இரண்டு வகைக் கூண் எங்கள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. காலையில் சித்தப்பா விளையிலிருந்து சேம்பிலையில் பொதிந்து கொண்டுவந்தார். புற்றோரம் முளைத்தது, குடைக்குக் கீழே ஒரு முழத்துக்கு வேர்போல நீண்ட வாலும் மண்ணோடு இருந்தது. மதியம் மகளிர் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டத்து அக்கா ஒருவர், தன் வீட்டுக் கொட்டகையில் வளர்த்த சிப்பிக்கூணில் 200 கிராம் பாக்கெட் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அம்மா இரண்டையும் இரண்டு சொளவில் தட்டி ஜன்னலோரம் வைத்தாள்.

"மைனி, இது மருந்தாக்கும். அந்தப் பாக்கெட்டுல உள்ளது வைக்கல்ல மொளச்சது. அதுல என்ன சத்து இருக்கும்?" என்றார் சித்தப்பா.

"புத்துல மொளச்சது மட்டும் எதுல மொளச்சுது? செதலு தின்ன மரத்துலதான?" என்றாள் அம்மா.

அவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. காட்டில் தானாக வந்ததில் மருந்து இருக்கும், பிளாஸ்டிக் பையில் வளர்த்ததில் இருக்காது என்பது எங்கள் ஊரில் சித்தப்பா மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. கேரள எல்லையோரப் பாறசாலைச் சந்தையில் கூண் விற்கிறவரும் சொல்வார், வாங்குகிறவரும் சொல்வார். உண்மையில் இந்த இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது, அது நம் உடம்பில் என்ன செய்யும் என்று எவ்வளவு தூரம் தெரிந்திருக்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

முதலில் கூண் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போனபோது, களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. தமிழ் பேசும் வீடுகள் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தன. இன்றும் நாங்கள் காளான் என்று எழுதுவோம், கூண் என்று பேசுவோம். பழைய தமிழில் அதற்கு ஆம்பி என்று பெயர். நெடுநாள் மூட்டாத அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதை வறுமையின் அடையாளமாகப் புறநானூற்றின் 164ஆம் பாட்டு காட்டுகிறது. எங்கள் பக்கத்தில் அது வறுமையின் அடையாளமாக இருந்ததில்லை. மழைக்காலத்தில் மீன் வரத்து குறையும் நாட்களில் விளை தரும் இறைச்சி என்றுதான் பாட்டி அதைச் சொல்வாள். பச்சரிசி சிந்தியதுபோல மண்ணை மூடி வருவது அரிக்கூண்; உள்ளங்கையைவிட அகலமாகக் குடை விரிப்பது பெருங்கூண். இரண்டுமே புற்றுக்கூண் குடும்பம்தான்.

புற்றுக்கூணை விளைவிப்பது மனிதன் இல்லை, கறையான். கறையான்களில் ஒரு பிரிவு சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இந்தப் பயிர்த்தொழிலைத் தொடங்கியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மரத்தையும் சருகையும் மென்று, ஒருமுறை குடல் வழியாகக் கடத்தி, புற்றுக்குள் தேனடைபோல அடுக்குகின்றன. அந்த அடையின்மேல் கூணின் வெள்ளிழை பரவுகிறது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற கடினப் பொருளை இழை உடைத்துக் கொடுக்க, கறையான் உண்கிறது. மழை இறங்கி மண் குளிர்ந்ததும் இழை மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. சித்தப்பா கொண்டுவந்த கூணின் நீண்ட வால், மண்ணுக்கடியில் இருக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து அது ஏறி வந்த வழி. அரிக்கூணுக்கு அந்த வால் கிடையாது. கறையான்களே பழைய அடையின் துண்டுகளை வெளியே கொண்டுவந்து மண்ணில் பரப்புகின்றன. அதன்மேல்தான் அது முளைக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் 1942இல் இந்தப் பேரினத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் ஒரு பெரிய இனத்தை 1979இல் விவரித்து, ஹெய்மைச் சிறப்பிக்கும் விதமாக டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்று பெயர் வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். நம் புற்றோரக் கூணுக்கு உலக அறிவியலில் பெயர் தந்தவர் சென்னையில் வேலை செய்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதல்ல.

சிப்பிக்கூணின் கதை வேறு. 1917இல் ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் மரத்துண்டுகளில் அதை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் 1962இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஜகியா பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் நெல் வைக்கோலில் வளர்த்தார்கள். இன்று வெள்ளாயணி வேளாண் கல்லூரியும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதற்குப் பயிற்சி தருகின்றன. 1998இல் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் திட்டம் தொடங்கிய பிறகு அயல்கூட்டப் பெண்களுக்குக் கொட்டகையில் செய்யக்கூடிய தொழில்களில் ஒன்றாக இது வந்தது. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, கொதிநீரில் வேகவைத்து, கையில் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு நிழலில் உலர்த்தி, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு வரிசை விதை என்று நிரப்பிக் கட்டித் துளையிட வேண்டும். பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளை படரும். பிறகு துளைகள் வழியே மொட்டு வரும். எங்கள் பக்கம் நெல் போய் ரப்பர் வந்துவிட்டதால் வைக்கோலுக்குப் பதிலாக ரப்பர் மரத்தூளில் வளர்ப்பவர்களும் உண்டு.

இப்போது அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவள் சொன்னது சரி. இரண்டு கூணும் செத்த தாவரத்தைத் தின்றே வளர்கின்றன. இரண்டுக்கும் லிக்னினை உடைக்கத் தெரியும். ஒன்றுக்குக் கறையானின் குடல் முன்வேலை செய்து தருகிறது, மற்றதற்கு அக்காவின் அரிவாளும் கொதிநீர்ப் பானையும் செய்து தருகின்றன. வைக்கோல் என்பதால் சத்து குறைவு என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. சிப்பிக்கூணைப் பற்றிச் சித்தப்பாவுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மரத்தில் தழைச்சத்து குறைவு என்பதால், அதன் இழை நுண்ணிய உருளைப்புழுக்களையும் நஞ்சால் முடக்கித் தின்னும். 1984இல் கனடாவில் இதைக் கண்டறிந்தார்கள். வேதிப்பொருள்களைத் தானே உண்டாக்கும் திறன் கையிலுள்ள உயிர் அது.

இரண்டிலும் பொதுவாக இருப்பவற்றில் முதலாவது பீட்டா குளுக்கான். கூணின் செல்சுவரிலிருக்கும் நார் வகைச் சர்க்கரைச் சங்கிலி இது. அரிசியின் மாவுச்சத்தும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் கோத்திருக்கும் விதம் வேறு. அந்த வேறுபாட்டால் நம் குடல் இதைச் செரிப்பதில்லை. நம் நோய் எதிர்ப்புச் செல்களோ இதை ஒரு பூஞ்சையின் கையெழுத்தாக அடையாளம் கண்டு விழித்துக்கொள்கின்றன. ஜப்பானில் ஷீடேக் காளானிலிருந்து 1969இல் பிரித்தெடுத்த லென்டினான் பின்னாளில் அங்கே புற்றுநோய் சிகிச்சைக்குத் துணைமருந்தாக அங்கீகாரம் பெற்றதும் இந்த வழியில்தான். அது ஊசிவழி கொடுக்கும் மருந்து, துவரனில் கிடைப்பதல்ல. சிப்பிக்கூணின் பீட்டா குளுக்கானுக்கு ப்ளூரான் என்று பெயர். ஸ்லோவாக்கியாவில் அடிக்கடி சளி, இருமல் வரும் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து நடத்திய சோதனையில் தொற்று வரும் தடவைகள் குறைந்தன. புற்றுக்கூணின் குளுக்கான்களை மேற்கு வங்கம் மிதுனாப்பூரில் வித்யாசாகர் பல்கலைக்கழகத்தின் சையத் இஸ்லாம் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. கண்ணி கண்ணியாக அமைப்பை எழுதியது. ஆய்வுக்கூடத் தட்டில் அது எதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதையும் காட்டியது. தட்டிலிருந்து மனிதனுக்கு அந்த ஆய்வு இன்னும் வரவில்லை.

எனக்கு மிகப் பிடித்த பொருள் எர்கோதயோனின். 1909இல் சார்ல்ஸ் தான்ரே, ரை தானியத்தைத் தாக்கும் எர்கட் பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தார். செடிகளுக்கு இதை உண்டாக்கத் தெரியாது, விலங்குகளுக்கும் தெரியாது. பூஞ்சைகளும் சில நுண்ணுயிரிகளும்தான் உண்டாக்குகின்றன. நம் உடம்பால் உண்டாக்க முடியாத இந்தப் பொருளைக் குடலிலிருந்து அள்ளி இரத்தத்துக்குள் ஏற்றுவதற்கென்றே நம் செல்களில் ஒரு கடத்திப் புரதம் இருப்பதை 2005இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். தேவையில்லாத ஒன்றுக்கு உடம்பு வாசல் வைத்திருக்காது என்று ஆய்வாளர்கள் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. செல்களை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காப்பதில் இதற்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். சூட்டில் இது எளிதில் அழியாது. அதனால் வேகவைத்தாலும் தட்டுக்கு வந்து சேரும். கடைப் பட்டன் காளானைவிடச் சிப்பிக்கூணில் இது பல மடங்கு அதிகம். பட்டன்தான் விலை உயர்ந்தது என்பதால் அதில்தான் சத்து என்று நினைப்பவர்களிடம் நான் இதை அடிக்கடி சொல்வதுண்டு.

புற்றுக்கூண் முந்தி நிற்கும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மைசூரின் அதே ஆராய்ச்சி நிலையம் 2006இல், இந்தியாவின் பல பகுதிகளில் இயற்கையாக வளரும் 23 வகை உண்ணத்தக்க காளான்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளந்து வெளியிட்டது. அதில் முதலிடம் டெர்மிடோமைசிஸ் ஹெய்மிக்கு. நீரில் இறங்கிய பினால் பொருள்கள் ஒரு கிராமுக்கு 37 மில்லிகிராம்; அடுத்த இடத்தில் வந்ததும் ஒரு புற்றுக்கூண் இனமே. இன்னொரு செய்தி கிழக்கிலிருந்து. சீனர்கள் விரும்பி உண்ணும் ஒரு புற்றுக்கூணில் செரிப்ரோசைடு வகைக் கொழுப்புகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் பிரித்து டெர்மிடோமைசெஸ்பின் என்று பெயரிட்டார்கள். எலியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் இட்டபோது அவை நரம்புச் செல்களாக உருமாறத் தொடங்கின. இதைப் படித்தால் சித்தப்பா துள்ளிக் குதிப்பார். அவரிடம் நான் மெதுவாகச் சொல்ல வேண்டியது: அது கண்ணாடித் தட்டில் நடந்தது, சாப்பிட்டால் அந்தப் பொருள் குடலைத் தாண்டி மூளைக்குப் போகும் என்று யாரும் காட்டவில்லை.

சிப்பிக்கூணின் தனிச்சொத்து லோவாஸ்டாட்டின். கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் ஸ்டாட்டின் குடும்பத்தில், 1987இல் அமெரிக்க அனுமதி பெற்று முதலில் சந்தைக்கு வந்தது இது. மாத்திரைக்கான மூலம் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. ஆனால் சிப்பிக்கூணும் அதே மூலக்கூறை உண்டாக்குகிறது என்று 1990களின் நடுவில் ஸ்லோவேனியாவில் காட்டினார்கள். அளவு ரகத்துக்கு ரகம், வளர்ந்த ஊடகத்துக்கு ஊடகம் மாறும். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். பாக்கெட்டில் அப்படி எழுத முடியாது. எனவே கூண் சாப்பிடுகிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் அன்றே தடுக்க வேண்டும்.

ஒரு பொருள் கூணில் இருக்கிறது என்பதற்கும் அது நோயாளிக்கு உதவுகிறது என்பதற்கும் நடுவே படிகள் உண்டு. சோதனைக் குழாய் முதல் படி, எலி அடுத்தது, பிறகு சில மனிதர்கள், பிறகு நிறைய மனிதர்கள். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் கே.கே. ஜனார்த்தனன் குழு சிப்பிக்கூண் சாறு எலிகளின் கட்டிகளைக் குறைப்பதைக் காட்டி 2000இல் கரன்ட் சயன்ஸ் இதழில் எழுதியது. கேரளத்தில் நடந்த முக்கியமான வேலை அது. எலிப் படியில் நிற்கும் வேலையும்கூட. அதை எடுத்து "கேன்சருக்கு மருந்து" என்று பாக்கெட்டில் அச்சிடுவது தவறு. அந்த ஆய்வாளர்களும் அப்படி எழுதவில்லை.

இந்த இரண்டில் மனிதப் படிக்கு ஏறியது சிப்பிக்கூண் மட்டும்தான். டாக்காவிலுள்ள பிர்டெம் நீரிழிவு மருத்துவமனையில் 89 நோயாளிகளுக்கு ஏழு நாள் சிப்பிக்கூண் கொடுத்து, ஏழு நாள் நிறுத்தி, மீண்டும் ஏழு நாள் கொடுத்தார்கள்; முடிவுகள் 2007இல் வந்தன. கொடுத்த வாரங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் குறைந்தன. நிறுத்தியபோது சர்க்கரை மீண்டும் ஏறியது. நம்மைப்போலச் சோறும் மீனும் தின்னும் மக்களிடம் நடந்த சோதனை என்பதால் எனக்கு இது ஐரோப்பிய ஆய்வுகளைவிட நெருக்கமாகப் படுகிறது. ஆனால் 2020இல் இப்படிப்பட்ட எட்டு மனிதச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், பலன் இருக்கும்போலத் தெரிகிறது, ஆனால் சோதனைகள் நடத்திய முறையில் குறைகள் நிறைய என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டின் முடிவை எனக்குத் தெளிவாக்கியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு எண். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 60 வயது தாண்டிய 663 சீனரை 2011 முதல் 2017 வரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது. வாரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் காளான் உண்டவர்களிடம், மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைவு ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஒரு பங்கு என்றால் சுமார் 150 கிராம். காளான் தின்பவர்கள் வேறு வகையிலும் ஆரோக்கியமாக வாழ்பவர்களாக இருக்கலாம். காரணம் காளான்தான் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியாது. ஆனாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வாரம் என்ற சொல்லை. எர்கோதயோனினோ நாரோ, எந்தப் பலனானாலும் அது தொடர்ந்து உண்பவனுக்குத்தான். சித்தப்பாவின் விளையில் புற்றுக்கூண் வருவது இடவத்தில் ஒருமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் துலா மழையில் இன்னொருமுறை. வருடத்துக்கு மூன்று நான்கு தட்டு. 23 வகையில் முதலிடம் பிடித்த கூணாக இருந்தாலும் வருடத்துக்கு மூன்று தட்டால் இரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் என்ன செய்துவிட முடியும்? அக்காவின் கொட்டகையிலோ வாரம் இருமுறை அறுவடை.

ஆகவே உடம்புக்கு எது என்று கேட்டால் தயங்காமல் சிப்பிக்கூண் என்பேன். கிராமுக்குக் கிராம் புற்றுக்கூணில் சில பொருள்கள் கூடுதலாக இருக்கட்டும். அது கைக்கு எட்டாது; எட்ட வைக்கவும் முடியாது. வணிக அளவில் புற்றுக்கூணைப் பயிரிட உலகில் எவராலும் இதுவரை முடியவில்லை, கறையான் இல்லாமல் அது குடை விரிப்பதில்லை. அதை மருந்து என்று பரப்பினால் நடக்கப்போவது ஒன்றே: மழை விட்டதும் மண்வெட்டியோடு ஆள் வருவார்கள், வாலைப் பிடித்துக்கொண்டு அடைவரை தோண்டுவார்கள். அடை போனால் அடுத்த இடவத்தில் அங்கே ஒன்றும் வராது. புற்றுக்கூணைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது அதை மருந்து என்று சொல்வதை நிறுத்துவது. சுவை என்று சொல்லட்டும். சுவையில் சிப்பிக்கூண் அதன் அருகில் வராது, அதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

கெடுதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். புற்றுக்கூணின் ஆபத்து அடையாளம் தெரியாமல் போவது. பாட்டி புற்றை அறிவாள், மாதத்தை அறிவாள், குடையின் நடுவிலுள்ள கூர்முனையைத் தடவிப் பார்ப்பாள், வாலை இழுத்துப் பார்த்த பிறகே மடியில் போடுவாள். ரப்பர்த் தோட்டத்திலும் புல்தரையிலும் மழைக்குப் பின் வரும் குளோரோபில்லம் என்ற நச்சுக்கூணும் வெள்ளையாக, பெரிதாக, அழகாகத்தான் இருக்கும். தின்றவருக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே தம்ளரை மூடி, இரவு முழுக்க விட்டால் வித்துத்தூள் கோடு கோடாக விழும். புற்றுக்கூணுடையது இளஞ்சிவப்புச் சாயல். சிப்பிக்கூணுடையது வெள்ளை அல்லது மங்கிய ஊதா. அந்த நச்சுக்கூணுடையது பச்சை. சிறுவயதில் இந்தச் சோதனையைச் செய்து தாளில் கதிர்கதிராக விழுந்த இளஞ்சிவப்புத் தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. ஆனால் இது ஒரு குறிப்பு மட்டும். இளஞ்சிவப்பு விழுந்தாலும் நச்சாக இருக்கும் வேறு கூண்கள் உண்டு. மஞ்சள்பொடி போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, இவை எதற்கும் பயன் இல்லை. அமானிட்டா என்ற கொடிய நச்சுக்கூண் வகையின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, வேகவைத்தாலும் போகாது. அறிகுறி தெரிவதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். பாட்டியிடம் பல வருடம் மழையில் நடந்து கற்றவர் இல்லாத வீடு புற்றுக்கூண் பறிக்கவே கூடாது.

சிப்பிக்கூணின் ஆபத்து வளர்ப்பில் இருக்கிறது. வைக்கோலை வேகவைக்க விறகும் நேரமும் செலவாகும் என்பதால் 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் பாவிஸ்டினும் 125 மில்லி ஃபார்மலினும் கலந்து ஊறவைக்கும் முறையும் புழக்கத்தில் உள்ளது. உடலுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் பண்டத்துக்குப் பூசணக்கொல்லி எதற்கு? வேகவைத்த வைக்கோலா என்று கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும். கடினமாக இருந்தாலும் அக்கா வேகவைக்கிறார். அதற்காக ஐந்து ரூபாய் கூடக் கேட்டாலும் நான் தருவேன்.

அதைவிட என்னை வருத்துவது அவருடைய இருமல். முற்றிய சிப்பிக்கூண் இரவு முழுக்க வித்துத்தூளைப் புகைபோல உதிர்க்கும். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் விளக்கொளியில் அது மிதப்பது தெரியும். பைகளின்மேல் மாவு படிந்ததுபோல இருக்கும். வருடக்கணக்கில் இதை மூச்சில் இழுப்பவர்களுக்கு ஒவ்வாமையும், காளான் தொழிலாளர் நுரையீரல் என்றே பெயர் பெற்ற அழற்சியும் வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். குடையின் ஓரம் உள்நோக்கி வளைந்திருக்கும்போதே அறுத்துவிட்டால் தூள் குறைவு. மூக்கை மூடிய முகக்கவசம், இரு பக்கமும் காற்று போகும் கொட்டகை, கொட்டகையின் மறைப்புத் துணி ஈரமாக இருப்பது, இவ்வளவு போதும் பெருமளவு தவிர்க்க. கூணின் நன்மையைப் பற்றி எழுதும் எல்லாரும் உண்பவரின் உடம்பைப் பற்றியே எழுதுகிறார்கள். வளர்ப்பவரின் நுரையீரலும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

சமையலில் இரண்டும் மீண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. பச்சையாக உண்ணக் கூடாது, சிப்பிக்கூணைக்கூட. அதில் இரத்தச் செல்லைத் துளைக்கும் ஆஸ்ட்ரியோலைசின் என்ற புரதம் இருக்கிறது. சூடு பட்டால் அது செயலிழக்கும். செல்சுவரிலிருக்கும் கைட்டின் வெந்தால்தான் தளரும். சின்ன உள்ளியும் நல்லமிளகும் தேங்காயும் அரைத்து, வெங்கலச் சட்டியில் மூடி வேகவைக்கும் எங்கள் துவரன் முறை இதற்கெல்லாம் போதும். பொரித்து எண்ணெயில் மூழ்கடிப்பதுதான் கெடுதல். கூண் பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதும் கூடாது. மைசூர் ஆய்வு அளந்த பினால்கள் நீரில் இறங்குபவை, கொட்டினால் அவையும் சேர்ந்து போகும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூணின் இழைச் சவ்வில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. எர்கோதயோனினைக் கண்ட அதே தான்ரே, இருபது வருடம் முன்பே, 1889இல் பிரித்த பொருள் அது. அதன்மேல் புறஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. இருட்டுக் கொட்டகையில் வளர்ந்த கூணில் அது ஏறக்குறைய இருக்காது. பறித்த பிறகு உச்சிவெயிலில், கீழ்ப்பக்கச் செவுள்கள் மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து, கால் மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்கு அது சேரும். பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவையில் பெரும்பங்கு அது. முட்டையும் மீனும் உண்ணாதவர்களுக்கு இதைப்போல எளிய வழி வேறு எனக்குத் தெரியவில்லை.

அன்று மழை ஒன்றரை மணிக்கு விட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னதும் சிப்பிக்கூண் சொளவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, செவுள் மேலே வருமாறு அடுக்கினாள். சித்தப்பாவின் கூணையும் கொண்டுவா என்றேன். "அது இப்பமே அடுப்புல ஏறணும், நேரமானா புழு வைக்கும்" என்று சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான், புற்றுக்கூண் பறித்த அன்றே சமைக்க வேண்டியது.

சாயங்காலம் இலையில் இரண்டு துவரனும் இருந்தன. சித்தப்பா தன்னுடையதை முதலில் முடித்தார். பிறகு சிப்பிக்கூணில் இரண்டாவது தடவை கை வைத்தபோது அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விளையின் கிழக்கு மூலையில் அடுத்த மாதம் ரப்பர்க் குழி எடுக்க மண்வாரி இயந்திரம் வருவதாகப் பேச்சு. புற்று இருக்கும் அந்த மூலையில் இரண்டு குழி குறைத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா யோசிக்கிறேன் என்றார்.